விறைப்பு மாத்திரை: வாங்கும் முன், விழுங்கும் முன், விழுங்கிய பின்

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் மருந்து வாங்கிக்கொண்டு போகும்வரை அவர் குழந்தைகளுக்கான பால் மாவு டப்பாக்களைப் பார்த்தபடி ஓரமாக நின்றார். கூட்டம் குறைந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு காலி மாத்திரைப் பட்டையை எடுத்து, பெயர் அச்சிட்ட பக்கத்தைக் கவிழ்த்துக் கண்ணாடி மேல் வைத்து, “இதுல நாலு குடுங்க தம்பி” என்றார். வயது அறுபதை ஒட்டியிருக்கும். திருப்பிப் பார்த்தால் சில்டெனாஃபில் என்ற விறைப்பு மாத்திரை, 100 மில்லிகிராம். நண்பர் ஒருவர் கொடுத்த பட்டை என்றார். மருத்துவர் சீட்டு இல்லை. நெஞ்சு வலிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதற்கு, சுகருக்கும் பிரஷருக்கும் மட்டும்தான் என்று பதில் வந்தது. சீட்டில்லாமல் தர முடியாது என்பதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் பணப்பையை மூடப் போனார். அதன் உள்ளறையில், நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரைகள் இரண்டு கத்தரித்து வைக்கப்பட்டிருந்தன. அதைக் காட்டிக் கேட்டேன். “அது அவசரத்துக்கு தம்பி. வாட்ஸ்அப்ல வந்துச்சுன்னு வீட்ல வெச்சு விட்டாங்க. நான் எங்க சாப்பிட்டேன்?” என்றார்.

அந்தச் சார்பிட்ரேட்டும் அவர் கேட்ட மாத்திரையும் ஒரே இரவில் அவர் உடம்பில் சேர்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அன்று நின்றபடியே ஐந்து நிமிடத்தில் சொன்னேன். அப்போது சொல்ல நேரமில்லாமல் போனவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும்: மருத்துவர் பரிசோதித்து, உரிய அளவில் எழுதிக் கொடுத்த விறைப்பு மாத்திரை பெரும்பாலான ஆண்களுக்குப் பாதுகாப்பானதே. கவுண்டரில் நின்று நான் கண்ட சிக்கல்களில் பெரும்பாலானவை மருத்துவரிடம் சொல்லாமல் விட்டதாலும், வீட்டில் மறைத்ததாலும், அடுத்தவரின் பட்டையைக் கடன் வாங்கியதாலும் வந்தவை.

மாத்திரை உடம்பில் செய்யும் வேலை

ஆசை எழும்போது ஆணுறுப்பின் நரம்புகள் நைட்ரிக் ஆக்ஸைடை வெளிவிடுகின்றன. அதனால் அங்குள்ள தசைகளைத் தளர்த்தும் ஒரு வேதிப்பொருள் உருவாகிறது. தசை தளர்ந்ததும் இரத்தம் பாய்ந்து நிறைந்து விறைப்பு உண்டாகிறது. அந்த வேதிப்பொருளைச் சிறிது சிறிதாகச் சிதைத்து உறுப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பிடிஇ5 என்ற நொதி. சில்டெனாஃபில், டடாலாஃபில், வர்டெனாஃபில், அவானாஃபில் ஆகிய நான்கும் இந்த நொதியைத் தடுக்கின்றன. தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும்: குழாயைத் திறப்பது மனமும் நரம்பும், அடியிலுள்ள வடிகாலை அடைப்பது மட்டுமே மாத்திரை. குழாய் திறக்காவிட்டால் வடிகாலை எவ்வளவு அடைத்தாலும் தொட்டி நிறையாது. ஆகவே இந்த மாத்திரை ஆசையைத் தூண்டாது, உறுப்பைப் பெரிதாக்காது, விந்தணுக் குறைவைச் சரிசெய்யாது, கருத்தரிப்பையோ பால்வினை நோயையோ தடுக்காது. “ஆண்மைக் குறைவு” என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைத்துப் பேசும் பழக்கத்தால், குழந்தையில்லாத தம்பதியரில் கணவர் இந்த மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

சில்டெனாஃபில் முதலில் இதய வலிக்கான மருந்தாகத்தான் இங்கிலாந்தில் ஆராயப்பட்டது. நெஞ்சு வலிக்குப் பெரிய பலன் தெரியவில்லை. பரிசோதனையில் பங்கேற்ற ஆண்கள் சொன்ன பக்கவிளைவு மருந்தின் பாதையை மாற்றியது. 1998 மார்ச் 27 அன்று அமெரிக்காவில் வயாகரா என்ற பெயரில் விறைப்புக் குறைபாட்டுக்கு அனுமதி கிடைத்தது. இரத்தக் குழாயைத் தளர்த்தும் மருந்தாகவே இது பிறந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் எச்சரிக்கைகளின் காரணம் தானாகவே விளங்கும்.

சீட்டு வாங்கும் முன்

விறைப்புக் குறைபாடு பல நேரங்களில் வேறொரு நோயின் முதல் அறிகுறி. ஆணுறுப்புக்குச் செல்லும் தமனியின் உள்விட்டம் ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத் தமனியினுடையது 3 முதல் 4 மில்லிமீட்டர். இரண்டிலும் ஒரே வேகத்தில் கொழுப்புப் படிந்தால் சிறிய குழாய்தான் முதலில் தடைபடும். அதனால், நடுத்தர வயதில் விறைப்பு மெல்ல மெல்லக் குறைந்துவரும் ஒருவருக்குச் சில ஆண்டுகள் கழித்து மாரடைப்பு வருவது அரிதான செய்தியல்ல. சர்க்கரை நோய் இருப்பதே தெரியாமல், இந்தக் குறைக்காக மருத்துவரிடம் போய், அங்கே எடுத்த இரத்தப் பரிசோதனையில் முதல்முறையாகச் சர்க்கரையைக் கண்டுபிடித்தவர்கள் ஏராளம். நண்பர் கொடுத்த மாத்திரை இந்த எச்சரிக்கை மணியின் சத்தத்தை மட்டும் அடக்கிவிடுகிறது என்பதே அதன் பெரிய தீமை என்று நான் நினைக்கிறேன்.

முதலில் பொது மருத்துவரிடமோ சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரிடமோ செல்லலாம். அரசுப் பொது மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவிலும் கேட்கலாம். இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு அளவு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் காலை நேரத்தில் இரத்தம் எடுத்து டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவைப் பார்ப்பார்கள். இதயத்தில் சந்தேகம் இருந்தால் இசிஜி எடுப்பார்கள். உடலுறவும் உடலுக்கு ஓர் உழைப்புதான். நிற்காமல் இரண்டு மாடிப் படி ஏறும்போது நெஞ்சு இறுக்கமோ அடக்க முடியாத மூச்சு வாங்கலோ வருகிறது என்றால், மாத்திரையைப் பற்றிப் பேசும் முன் இதய மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது வீட்டிலுள்ள உங்கள் மாத்திரைப் பட்டைகள் எல்லாவற்றையும், சித்த ஆயுர்வேத மருந்துகள் உட்பட, ஒரு மஞ்சள் பையில் போட்டு அப்படியே எடுத்துச் செல்லுங்கள். “அவசரத்துக்கு வைத்திருப்பது”, “எப்போதாவது போடுவது” என்று எதையும் கழித்துவிடாதீர்கள். சில இரத்த அழுத்த மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளுமே விறைப்பைக் குறைக்கக்கூடியவை; அவற்றை நீங்களாக நிறுத்திவிடாமல், மாற்று உண்டா என்று கேட்கலாம். கடந்த மூன்று மாதத்துக்குள் மாரடைப்பு, ஆறு மாதத்துக்குள் பக்கவாதம், ஓய்விலும் வரும் நெஞ்சு வலி, கட்டுக்கடங்காத இதயச் செயலிழப்பு, மிகக் குறைந்த அல்லது கட்டுப்படாத இரத்த அழுத்தம், கடுமையான கல்லீரல் நோய், பரம்பரை விழித்திரை நோய், முன்பு ஒரு கண்ணில் திடீர்ப் பார்வையிழப்பு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால், கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டும்.

எந்த மாத்திரை, எவ்வளவு

சில்டெனாஃபிலை வழக்கமாக 50 மில்லிகிராமில் தொடங்குவார்கள். 65 வயதைக் கடந்தவர்களுக்கும், கல்லீரல் அல்லது சிறுநீரகம் வெகுவாகப் பழுதுபட்டவர்களுக்கும் 25 மில்லிகிராம் போதும். உறவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பு விழுங்க வேண்டும். வயிறு நிறையப் பிரியாணியும் வறுவலும் சாப்பிட்ட உடனே விழுங்கினால், கொழுப்பு மருந்தை உறிஞ்சவிடாமல் தாமதப்படுத்துவதால் பலன் ஒரு மணி நேரம் வரை பின்தள்ளிப் போகும். “மாத்திரை வேலை செய்யவில்லை” என்று வருகிறவர்களில் சிலருக்கு இதுதான் காரணம். அவர்கள் அந்த நேரத்தில் இரண்டாவது மாத்திரையை விழுங்கிவிடுவதுதான் ஆபத்து. இதன் பலன் சுமார் நான்கு மணி நேரம் இருக்கும்.

டடாலாஃபில் வேறு மாதிரி. 10 மில்லிகிராமில் தொடங்குவது வழக்கம். உணவால் இது பாதிக்கப்படுவதில்லை. இதன் பலன் 36 மணி நேரம் வரை இருக்கும். அவ்வளவு நேரமும் விறைப்பாகவே இருக்கும் என்று இதற்குப் பொருளல்ல. அந்த நேரத்துக்குள் ஆசை எழுந்தால் உடல் ஒத்துழைக்கும் என்பதே பொருள். வெள்ளி இரவு விழுங்கியது ஞாயிறு காலையிலும் உடம்பில் இருக்கும் என்பது வசதி மட்டுமல்ல, எச்சரிக்கையும்கூட. அடிக்கடி தேவைப்படுகிறவர்களுக்கு நாள்தோறும் 2.5 அல்லது 5 மில்லிகிராம் எழுதுவதும் உண்டு. சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புரோஸ்டேட் சுரப்பியின் வீக்கத்துக்கும் 5 மில்லிகிராம் கொடுக்கிறார்கள். ஆகையால் சிறுநீர்த் தொந்தரவுக்கு ஏற்கெனவே டடாலாஃபில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர், அது தெரியாமல் அதன்மேல் சில்டெனாஃபிலையும் சேர்த்துவிடக் கூடாது. நுரையீரல் இரத்த அழுத்தத்துக்குச் சில்டெனாஃபில் சாப்பிடுபவர்களுக்கும் இது பொருந்தும்.

எந்த மாத்திரையானாலும் 24 மணி நேரத்தில் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். இரண்டு வகையைக் கலக்க வேண்டாம். முதல் முறை பலிக்காவிட்டால் மனம் உடைய வேண்டியதில்லை. பதற்றம் தணிந்து, நேரமும் உணவும் சரியாக அமைந்து, ஆறேழு முறை முயன்ற பிறகே மருந்து பயன்படவில்லை என்ற முடிவுக்கு மருத்துவர்கள் வருவார்கள். அளவைக் கூட்டுவதும் அவர்களின் முடிவாகவே இருக்கட்டும்.

சேரவே கூடாதவை

இப்போது சார்பிட்ரேட்டுக்கு வருகிறேன். நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட், தினமும் விழுங்கும் ஐசோசார்பைடு மோனோநைட்ரேட், நைட்ரோகிளிசரின் மாத்திரை, அதன் தெளிப்பான், தோலில் ஒட்டும் பட்டை ஆகிய அனைத்தும் நைட்ரேட் குடும்பம். தொட்டிக் கணக்கில் சொன்னால், நைட்ரேட் என்பது உடம்பிலுள்ள எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்துவிடுவது. விறைப்பு மாத்திரை ஏற்கெனவே வடிகாலை அடைத்து வைத்திருக்கிறது. தளர்த்தும் வேதிப்பொருள் வடிய வழியின்றிப் பெருகி, உடல் முழுவதும் இரத்தக் குழாய்கள் ஒரேயடியாக விரிந்து, இரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகிறது. மயக்கம், மாரடைப்பு, மரணம் வரை இது கொண்டுபோகும். நைட்ரேட் சாப்பிடுகிறவர், வழக்கமாகவோ எப்போதாவதோ, விறைப்பு மாத்திரையைத் தொடவே கூடாது. நிக்கோரண்டில் என்ற இதய மருந்துக்கும், நுரையீரல் அழுத்தத்துக்கான ரியோசிகுவாட்டுக்கும், போதைக்காக முகரும் “பாப்பர்ஸ்” குப்பிகளுக்கும் இதே தடை உண்டு.

நம் வீடுகளில் இது இன்னொரு வழியாகவும் நுழைகிறது. மாரடைப்பு வந்தால் உடனே கொடுக்க வேண்டும் என்று சார்பிட்ரேட்டையும் சேர்த்த “அவசர உறை” ஒன்றைப் பணப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லும் செய்தி ஆண்டுதோறும் கைப்பேசிகளில் சுற்றுகிறது. கணவர் இரவு என்ன விழுங்கினார் என்பது மனைவிக்குத் தெரியாது; அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்; மனைவி பதறிப்போய் அந்த உறையைப் பிரித்து நாக்கின் அடியில் வைக்கிறார். அன்பினால் செய்த காரியமே உயிருக்கு உலை வைத்துவிடும். எனவே விறைப்பு மாத்திரை எழுதி வாங்கும் நாளிலேயே அந்த உறையிலிருந்து சார்பிட்ரேட்டை எடுத்துவிட வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்த சார்பிட்ரேட்டாக இருந்தால் எடுத்துவிட வேண்டியது விறைப்பு மாத்திரையைத்தான்.

உறவின்போதோ அதன் பின்போ நெஞ்சு வலி வந்தால் உடனே நிறுத்தி, உட்கார்ந்து, 108-ஐ அழையுங்கள். வருகிறவரிடம் முதல் வாக்கியமாகவே, எந்த மாத்திரையை எத்தனை மணிக்கு விழுங்கினேன் என்று சொல்லுங்கள். சில்டெனாஃபில் விழுங்கி 24 மணி நேரமும், டடாலாஃபில் விழுங்கி 48 மணி நேரமும் கடக்கும் முன் நைட்ரேட் கொடுக்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் விழுங்கியது தெரியாது. மாரடைப்புக்கான மற்றச் சிகிச்சைகள் பல இருப்பதால், உண்மையைச் சொன்னால் சிகிச்சை மறுக்கப்படுமோ என்ற பயம் வேண்டாம்.

நைட்ரேட் அளவுக்கு இல்லாவிட்டாலும் கவனம் தேவைப்படும் மருந்துகள் உண்டு. புரோஸ்டேட்டுக்காகவும் இரத்த அழுத்தத்துக்காகவும் கொடுக்கும் டாம்சுலோசின், பிரசோசின், டாக்ஸசோசின் போன்றவை அழுத்தத்தை மேலும் இறக்கி, இரவில் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழவைக்கலாம். இவற்றைச் சாப்பிடுகிறவருக்கு மருத்துவர் மிகக் குறைந்த அளவில், நேர இடைவெளி விட்டுத் தொடங்குவார். படர்தாமரைக்காக வாரக்கணக்கில் எழுதப்படும் இட்ராகோனசோல், தொற்றுக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், எச்ஐவி சிகிச்சையிலுள்ள ரிட்டோனாவிர் ஆகியவை கல்லீரல் இந்த மாத்திரையைச் சிதைப்பதைத் தடுப்பதால், விழுங்கியது 50 ஆனாலும் உடம்பில் அதைவிடப் பல மடங்கு தேங்கும். ரிட்டோனாவிருடன் சில்டெனாஃபில் 48 மணி நேரத்துக்கு 25 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தோல் நோய்க்குச் சாப்பிடும் மாத்திரையை யாரும் இங்கே இணைத்துப் பார்ப்பதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மது விறைப்பையும் கெடுக்கும், அழுத்தத்தையும் இறக்கும். அந்த இரவில் குடிக்காமல் இருப்பதே நல்லது. விந்து முந்துதலுக்கான டாபாக்ஸெடினையும் சில்டெனாஃபிலையும் ஒரே மாத்திரையாகச் சேர்த்து விற்கிறார்கள். வெறும் விறைப்புக் குறைபாடு உள்ளவருக்கு அது தேவையில்லை. மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது ஆபத்து.

பொறுக்கக் கூடியதும் பொறுக்கக் கூடாததும்

தலைவலி, முகச் சிவப்பு, மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் ஆகியவை சில மணி நேரத்தில் அடங்கும். டடாலாஃபிலில் முதுகு வலியும் தசை வலியும் வரலாம். சில்டெனாஃபிலில் சிலருக்குச் சிறிது நேரம் எல்லாம் நீலம் பூத்தாற்போல் தெரியும். விழித்திரையில் உள்ள ஒத்த நொதி ஒன்றையும் மருந்து லேசாகத் தடுப்பதே காரணம். அந்த நேரத்தில் வண்டி ஓட்ட வேண்டாம்.

விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் இருந்தால் அது பெருமைப்பட வேண்டிய விஷயமல்ல. உள்ளே தேங்கிய இரத்தத்தில் ஆக்ஸிஜன் தீர்ந்து திசு சாகத் தொடங்கும். தாமதித்தால் நிரந்தரமாகவே விறைப்பு போய்விடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வெட்கப்பட்டுப் படுத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். ஒரு கண்ணிலோ இரு கண்ணிலோ திடீரெனப் பார்வை மங்கினாலும், காது திடீரெனக் கேட்காமல் போனாலும், மயங்கி விழுந்தாலும் மாத்திரையை அத்தோடு நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இவை மிக அரிதானவை. அரிது என்பதற்காகத் தெரியாமல் இருக்கக் கூடாது.

லேகியமும் பொட்டலமும்

2008-இல் சிங்கப்பூரில், சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் சில மாதங்களுக்குள் இரத்தச் சர்க்கரை பயங்கரமாக இறங்கிய நிலையில் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் கள்ளத்தனமாக விற்ற ஆண்மை மருந்துகளைச் சாப்பிட்டிருந்தார்கள். அவற்றைச் சோதித்தபோது உள்ளே கிளிபென்கிளமைடு இருந்தது. நம் வீட்டுச் சர்க்கரை நோயாளிகள் பலருக்குப் பழக்கமான அதே மாத்திரை. மூலிகை என்று பெயர் போட்ட பொட்டலத்துக்குள் சில்டெனாஃபிலையே அரைத்துப் போடுவதும் பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. “இங்கிலீஷ் மருந்து எனக்கு ஆகாது, நைட்ரேட் சாப்பிடுகிறேன், ஆகவே லேகியம் போதும்” என்று எண்ணும் இதய நோயாளி, தனக்கு விலக்கப்பட்ட மருந்தையே தெரியாமல் விழுங்குகிறார்.

லாட்ஜில் அறை எடுத்து மாதம் ஒரு நாள் வந்து போகும் வைத்தியர்களைப் பற்றியும், இரவு நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பற்றியும் தயக்கமின்றிச் சொல்வேன்: பாலுறவுத் திறனைக் கூட்டுவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் செல்வது வேறு. விளம்பரத்தைப் பார்த்து முன்பணம் கட்டுவது வேறு. விறைப்பு மாத்திரை மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்து. உரிமம் பெற்ற கடையில் வாங்கி, பட்டையில் மருந்தின் பெயர், அளவு, தொகுதி எண், காலாவதித் தேதி ஆகியவற்றைப் பார்த்து, பில்லும் கேட்டு வாங்குங்கள். உதிரியாகக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இளைஞர்களுக்கு

திருமணம் நிச்சயமான இருபத்தைந்து, முப்பது வயதுப் பையன்கள் இந்த மாத்திரையைக் கேட்டு வருவது கூடிக்கொண்டே போகிறது. காலையில் எழும்போது இயல்பான விறைப்பு இருக்கிறது, தனிமையில் குறையில்லை, முதலிரவை நினைத்தால் மட்டும் பயம் என்றால், குழாயிலும் தொட்டியிலும் பழுதில்லை. பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. அப்படிப்பட்டவர் மாத்திரையைப் பிடித்துக்கொண்டால், அது இல்லாமல் முடியாது என்ற நம்பிக்கை மனதில் வேரூன்றிவிடுகிறது. தம்பி, ஒரு மனநல ஆலோசகரிடம் இரண்டு மூன்று முறை பேசுவது இதைவிட நிலையான மருத்துவம். புகை பிடிப்பவராக இருந்தால் அதை விடுவது அதைவிடவும் முக்கியம்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் விலக்கப்பட்டவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. வெற்றிடக் கருவி, உறுப்பில் போடும் அல்ப்ரோஸ்டாடில் ஊசி, அறுவை சிகிச்சை மூலம் பொருத்தும் உள்கருவி என்று சிறுநீரியல் மருத்துவரிடம் வேறு தீர்வுகள் இருக்கின்றன.

பால் மாவு டப்பாக்களின் பக்கம் நின்றவர் மூன்று வாரம் கழித்து மனைவியுடன் வந்தார். இதய மருத்துவர் டிரெட்மில் பரிசோதனை எடுத்துப் பார்த்து, சில்டெனாஃபில் 25 மில்லிகிராம் எழுதியிருந்தார். பணப்பையைத் திறந்து காட்டினார். உள்ளறையில் சார்பிட்ரேட் இல்லை. அந்த இடத்தில் ஒரு சிறிய அட்டையில் அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் அந்த அம்மா தம் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார், புது மாத்திரையின் பெயரைக் கடைசியில் அடிக்கோடிட்டு.